ஏடிஎச்டி: தெரபி ஓமலூருக்கு வரட்டும்

நூறு மாணவர்களுக்குக் குறையாமல் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும்; ஆசிரியர்களுக்கும் மற்றப் பணியாளர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநலப் பயிற்சி தர வேண்டும். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இப்படிச் சொல்கின்றன. மாணவர் தற்கொலைகளைத் தடுப்பதற்காகப் பிறந்த உத்தரவு அது. ஆனால், அப்படி ஓர் ஆலோசகர் பள்ளிக்கு வந்தால் அவர் முன் முதலில் கொண்டுபோய் நிறுத்தப்படுவது பெரும்பாலும் ஓர் இடத்தில் உட்காராத, கேள்வி முடியும் முன்பே பதிலைக் கத்துகிற, எந்த நோட்டையும் எழுதி முடிக்காத பிள்ளையாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு இருப்பது ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு – மிகை இயக்கக் குறைபாடு. அந்தப் பிள்ளைக்கு அறிவுரை சொல்லித் திருப்பி அனுப்பினால் ஒரு பயனும் இல்லை. முறையான தெரபி கிடைத்தால் பயன் உண்டு. அதைப் பெருநகரத்துக்குப் போய்த்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. சேலம் மாவட்டத்து ஓமலூர் போன்ற தாலுகா ஊரிலேயே கொடுக்க முடியும்.

எத்தனை பிள்ளைகள்?

கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2013இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வெளியானது. 11.32 சதவீதக் குழந்தைகளிடம் ஏடிஎச்டி இருப்பதாக அது கண்டது. வசதி குறைந்த குடும்பத்துக் குழந்தைகளிடம் விகிதம் இன்னும் கூடுதலாக இருந்தது. நான்கு பள்ளிகளை வைத்துக் கொங்கு மண்டலம் முழுமைக்கும் கணக்குப் போடக் கூடாதுதான். உலக ஏடிஎச்டி கூட்டமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கை, பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி, சிறார்களில் 5.9 சதவீதம், பெரியவர்களில் 2.5 சதவீதம் என்கிறது. இந்தக் குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு பேர். ஓமலூர், காடையாம்பட்டி, தாரமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் வகுப்புக்கு இரண்டு பேர் என்று எண்ணிப் பார்த்தால், இது எங்கோ இருக்கிற வசதியான வீட்டுப் பிரச்சினை என்கிற எண்ணம் நிற்காது.

துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏடிஎச்டி என்றும் இல்லை. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். கணக்கு வகுப்பில் மட்டும் அலைபாயும் பிள்ளைக்குக் கணக்கில்தான் சிக்கல் இருக்கும். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளையின் விளையாட்டுத்தனத்தைக் குறைபாடு என்று தவறாகக் கருதுவதும் பல நாடுகளில் நடக்கிறது. ஆகவே மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மறுபக்கம், ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து கனவில் இருக்கும் பெண் குழந்தைக்கும் இதே குறைபாடு இருக்கலாம். அவள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. மந்தம் என்ற பட்டத்தோடு பத்தாம் வகுப்பைத் தாண்டித் திருமணமாகிப் போய்விடுகிறாள். இந்த அநீதியைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை.

சேலம் வட்டாரத்தைக் களமாகக் கொண்ட ‘மாமன்னன்’ படத்தில் ரத்னவேலுவாக நடித்த ஃபகத் ஃபாசில், தனக்கு ஏடிஎச்டி இருப்பது 41ஆவது வயதில்தான் கண்டறியப்பட்டது என்று 2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில் ஒரு குழந்தைகள் இல்லத் திறப்பு விழாவில் சொன்னார். நாடறிந்த கலைஞருக்கே நாற்பது வயதாகிறது என்றால், விசைத்தறிப் பட்டறையிலும் லாரி கிளீனர் வேலையிலும் ‘பொறுப்பில்லாதவன்’ என்று ஏச்சு வாங்கிக்கொண்டே வயதைக் கழித்துவிட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

பயிற்சி யாருக்கு?

தெரபி என்றதும் மூடிய அறை, வண்ணப் பொம்மைகள், மணிக்கணக்குக் கட்டணம் என்றுதான் பெற்றோர் மனதில் படம் விரிகிறது. குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருப்பது, முக்கால் மணி நேரம் கழித்துக் கூட்டிக்கொண்டு வீடு திரும்புவது. ஏடிஎச்டியைப் பொறுத்தவரை இது தலைகீழ் ஏற்பாடு. இந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். செய்ய வேண்டிய நேரத்தில் செய்யத்தான் வருவதில்லை. அறைக்குள் கற்றுக்கொடுத்ததை அறைக்கு வெளியே, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில், அவன் நினைவுக்குக் கொண்டுவர மாட்டான். அந்தக் காலை நேரத்தில் கூட இருப்பவர் அம்மாவோ பாட்டியோதான். பத்து மணிக்கு மேல் ஆசிரியர். எனவே சிறு பிள்ளைகளுக்கு உறுதியான சான்றுகள் உள்ள தெரபி, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தரப்படும் நடத்தைப் பயிற்சிதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முதல் சிகிச்சையே பெற்றோர் பயிற்சிதான் என்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

அந்தப் பயிற்சியில் மந்திரம் எதுவும் இல்லை. பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு அமர்வுகள். “பையை எடுத்து வை, டிபன் பாக்ஸைக் கழுவப் போடு, அப்புறம் ஹோம்வொர்க் எழுது” என்று மூன்று வேலைகளை ஒரே மூச்சில் சொன்னால் இந்தப் பிள்ளையின் காதில் முதலாவது மட்டுமே நிற்கும். அருகில் போய், முகம் பார்த்து, ஒரு வேலையை மட்டும் சொல்லி, அது முடிந்ததும் அடுத்ததைச் சொல்லப் பழகுகிறார்கள். ‘நல்ல பையன்’ என்று பொதுவாகச் சொல்லாமல், “சொன்ன உடனே பையை எடுத்து வெச்சுட்டே” என்று எதைச் செய்தான் என்பதைக் குறிப்பிட்டு அந்தக் கணமே பாராட்டப் பழகுகிறார்கள். தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்தால் சைக்கிள் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளையிடம் எடுபடாது, ஏனென்றால் அது ஆறு மாதம் தள்ளி இருக்கிறது. இன்று மாலை கிடைக்கப்போகும் சிறு பரிசு எடுபடும். சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது, ஆபத்தான செயலுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்த விளைவைக் கத்தாமல் நிறைவேற்றுவது, தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மாற்றாமல் வைப்பது – இவையும் பாடத்தில் உண்டு.

பள்ளியில் இதன் மறுபாதி ஒரு தினக் குறிப்பு அட்டை. மூன்று, நான்கு இலக்குகள் போதும்: கை தூக்கிவிட்டுப் பேசினானா, கொடுத்த வேலையில் பாதியாவது முடித்தானா, இடத்தை விட்டு எழுந்தது எத்தனை முறை. ஆசிரியர் பாடவேளை முடிவில் ஒரு குறி போடுகிறார். அட்டை மாலையில் வீட்டுக்குப் போகிறது. குறிகளுக்கு ஏற்ற பரிசை வீடு தருகிறது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஆசிரியர் இதையும் செய்வாரா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். எண்ணும் எழுத்தும் பயிற்சி, எமிஸ் பதிவு, தேர்தல் பணி என்று ஏற்கெனவே அவர் தோளில் சுமை அதிகம். ஆனால் அதே பிள்ளையை ஒரு பாடவேளைக்குப் பல முறை பெயர் சொல்லி அதட்டுவதற்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால், ஒரு குறி போடுவது குறைந்த வேலை.

மாத்திரையை ஒதுக்க வேண்டுமா?

கூடாது. தெரபியை ஆதரிப்பவர்கள் சான்றுகளை முழுதாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 579 குழந்தைகளை 14 மாதங்கள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வின் முடிவுகள் 1999இல் வெளியாயின. கவனக்குறைவு, மிகை இயக்கம் ஆகிய மைய அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாக அளவு பார்த்துத் தரப்பட்ட மருந்து, தனித் தெரபியைவிடத் தெளிவாக முன்னே நின்றது. மருந்தும் தெரபியும் சேர்ந்து கிடைத்த பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. பெற்றோருடனான உறவு போன்றவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. மூன்றாம் ஆண்டில் எல்லாக் குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துவிட்டது. எந்தச் சிகிச்சையும் ஒருமுறை கொடுத்துவிட்டுக் கைகழுவக்கூடியது இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, எந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை நடக்கிறது என்று அறியாத ஒருவர் மதிப்பிடும்போது, நடத்தைத் தெரபியால் மைய அறிகுறிகளில் உண்டாகும் மாற்றத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்றது. அடுத்த ஆண்டே அதே ஆய்வாளர் குழுவினர், அத்தகைய மதிப்பீட்டிலும் பெற்றோர் பிள்ளையை நடத்தும் விதம் மேம்படுவதும், எதிர்த்து முரண்டும் நடத்தை குறைவதும் உறுதியாகிறது என்று காட்டினார்கள்.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. மாத்திரை அறிகுறியைக் குறைக்கிறது. அறிகுறியைச் சுற்றி வளர்ந்துவிட்ட சேதத்தை – தினமும் வாங்கும் திட்டு, அடி, நண்பர்கள் ஒதுக்குவது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற முடிவு – மாத்திரையால் சரிசெய்ய முடியாது. அங்கேதான் தெரபியின் வேலை. எதை முதலில் தொடங்குவது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 5 முதல் 12 வயதுள்ள 146 குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2016இல் வெளியானது. எளிய நடத்தைப் பயிற்சியில் தொடங்கி, போதாதபோது அடுத்த படிக்குப் போனவர்கள், மருந்தில் தொடங்கியவர்களைவிட வகுப்பறை ஒழுங்கில் மேலாக இருந்தார்கள், செலவும் குறைந்தது. அதில் ஒரு விவரம் நம் ஊருக்கு ரொம்ப முக்கியம்: மருந்து முதலில் கிடைத்துவிட்ட குடும்பங்களில் பெற்றோர் பிறகு பயிற்சிக்கு வருவது வெகுவாகக் குறைந்துபோனது. மெத்தில்பெனிடேட் போதைப்பொருள், உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லா மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை. மருந்தை மட்டுமே நம்பியிருந்தால், கடையில் இருப்பு இல்லாத மாதம் குடும்பத்தின் கையில் ஒன்றும் இருக்காது.

பெரியவர்களுக்கு வேறு வகைத் தெரபி. மருந்து எடுத்தும் சிரமம் தீராத 86 பேரிடம், 12 அமர்வுகள் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைச் சோதித்த ஆய்வு 2010இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறிப்பிடத்தக்க அளவு தேறினார்கள். தளர்வுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே. எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுவது, பெரிய வேலையைத் துண்டுகளாக்குவது, தள்ளிப்போடத் தூண்டும் எண்ணத்தை அடையாளம் கண்டு பதில் சொல்வது போன்ற பழக்கங்களைத்தான் அது கற்றுத்தருகிறது.

“அடி உதவுகிற மாதிரி...”

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று பழமொழி சொல்பவர்கள், இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் அடி உதவியிருந்தால் முதல் வாரத்திலேயே உதவியிருக்க வேண்டுமே என்று யோசிக்க வேண்டும். ஊரிலேயே அதிகம் அடி வாங்கும் பிள்ளைகள் இவர்கள்தான், அப்படியும் மாறுவதில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி ஏடிஎச்டிக்குக் காரணம் பெருமளவு பரம்பரைக் கூறு, சுமார் 74 சதவீதம். செல்போனும் சர்க்கரையும் இதை உண்டாக்குவதில்லை. அம்மாவின் வளர்ப்பும் உண்டாக்குவதில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பட்டறைக்கோ தோட்டத்துக்கோ போய்விட்டு வரும் தாயின் மேல்தான் மாமியார் வீடும் பள்ளியும் சேர்ந்து பழியைப் போடுகின்றன என்பதுதான். பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு 2010 முதலே தடை செய்திருக்கிறது. சட்டம் பிரம்பைப் பிடுங்கியது. அதற்குப் பதிலாக ஆசிரியர் கையில் வேறு எதையும் கொடுக்கவில்லை. நடத்தைப் பயிற்சி அந்த இடத்தை நிரப்பும்.

ஹாஸ்டலில் போட்டால் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கை நம் பகுதிக்கே உரியது. நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் விடிகாலையிலிருந்து இரவு வரை உட்காரவைத்துப் படிக்கவைப்பதற்குப் பெயர் பெற்றவை. ஏடிஎச்டி உள்ள பிள்ளையால் முடியாதது ஒன்று உண்டென்றால் அது இதுதான். தெரபியின் கருவியான பெற்றோரிடமிருந்தும் அவனைப் பிரித்துவிடுகிறோம். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லும் உச்ச நீதிமன்ற நெறி, இத்தகைய பள்ளிகளில் கடைசிப் பிரிவுக்குத் தள்ளப்படும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் பயன்பட வேண்டும்.

பெயர் சூட்டினால் எதிர்காலம் கெடும் என்ற அச்சமும் பெற்றோருக்கு இருக்கிறது. அச்சம் புரிகிறது. ஆனால் பெயர் ஏற்கெனவே சூட்டியாகிவிட்டது: அடங்காதவன், மக்கு, ஊதாரி. இவற்றைவிட மருத்துவப் பெயர் எந்த விதத்திலும் மோசமானது இல்லை. அதற்குச் சிகிச்சை வழியும் இருக்கிறது.

ஆளும் இடமும் இங்கேயே உண்டு

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓமலூரிலிருந்து வாரம் ஒருமுறை பிள்ளையோடு அங்கே போய் வருவது என்றால் தறியில் ஒரு நாள் கூலி போச்சு. பன்னிரண்டு வாரம் எந்தக் குடும்பமும் தாங்காது. பரிசோதனைக்கும் மருந்துக்கும் சேலம் போகட்டும். பயிற்சி ஓமலூருக்கு வர வேண்டும். வட்டார வள மையத்தில் உள்ளடக்கிய கல்விக்கான சிறப்பாசிரியர்கள் ஏற்கெனவே பணியில் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் தள்ளிக் கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அதன் உளவியல் துறையும் இருக்கின்றன. சிறப்பாசிரியர்களுக்குப் பல்கலைக்கழகம் பயிற்சி தரலாம். முதுகலை மாணவர்கள் களப்பணியாக உதவலாம். மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு மேற்பார்வை செய்யலாம். ஆரம்பிக்க வேண்டியது, பத்துப் பதினைந்து பெற்றோர் உட்காரும் ஒரு குழு.

நிபுணர் அல்லாதவர்களால் இது முடியுமா என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்களை வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் வீடுகளுக்கே அனுப்பி, நிபுணர்களின் மேற்பார்வையில் பெற்றோருக்குக் கற்றுக்கொடுக்கிறது. ஏடிஎச்டிக்கென்று உருவானது இல்லை என்றாலும் ஏற்பாட்டின் எலும்புக்கூடு இதேதான். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. நடத்தைப் பயிற்சிக்கு இயன்முறைக் கருவிகள்கூடத் தேவையில்லை.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் ஏடிஎச்டியும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு எடை, பல், கண் பார்ப்பதோடு நிறுத்தாமல், வகுப்பாசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசி, ஐயமுள்ள பிள்ளைகளைப் பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பரிந்துரைச் சீட்டு சேலத்தில் முடிந்துவிடாமல் ஓமலூர் பெற்றோர் குழுவுக்குத் திரும்பி வர வேண்டும். பயிற்சி நேரத்தைத் தறி நிற்கும் நாளையும் பஸ் நேரத்தையும் பார்த்து வைக்க வேண்டும்; அப்பாவும் வந்தால்தான் பாதி வேலை நடக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஎச்டி பெயர் சொல்லி இடம்பெறவில்லை. சட்டத் திருத்தம் வரும்வரை, பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், தனி இடம் ஆகியவற்றை மருத்துவச் சான்றின் பேரில் தேர்வுத் துறையே அனுமதிக்கலாம்.

பெற்றோருக்கு: முதலில் பிள்ளையின் கண், காது, தூக்கம், ரத்தசோகை ஆகியவற்றைப் பாருங்கள். தனியார் தெரபி மையத்துக்குப் போனால், மருத்துவ உளவியலாளருக்கு இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், “வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுப்பீர்களா?” என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். மூளையைத் தூண்டிவிடுகிறோம், முழுதாகக் குணப்படுத்துகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையா? ‘டெலி மானஸ்’ கட்டணமில்லா எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

உச்ச நீதிமன்ற நெறிகளை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்தையும் சார்ந்தது. சேலம் மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர், மருத்துவக் கல்லூரி முதல்வர், பெரியார் பல்கலைக்கழக உளவியல் துறைத் தலைவர் ஆகிய நால்வரும் ஒருமுறை கூடி முடிவெடுத்தால், அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது ஓமலூர் வட்டார வள மையத்தில் முதல் பெற்றோர் குழுவைத் தொடங்கிவிடலாம். அந்தக் கூட்டத்தை அவர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே கூட்ட வேண்டும்.